பூட்டி வைத்த கைக்கணினி

மதிய வெயிலில் பாறை சுடுகிறது. மின்கம்பம் நடும் இந்த மலையில் செல்போன் எடுக்காது. செங்கல் கனத்தில் கம்பெனி கொடுத்த கைக்கணினிதான் செயற்கைக்கோள் வழியே செய்தி வாங்கும். ஆபரேஷன் முடிந்த எங்கள் ஒரே மகள் இன்னும் கண் விழிக்கவில்லை என்று நேற்று மனைவி அனுப்பியதுதான் கடைசி. தூசி படக்கூடாதென்று கைக்கணினியைத் துண்டில் சுற்றி, ஸ்பேனர் போடும் இரும்புப் பெட்டியில் பூட்டிவிட்டு, நிமிடத்துக்கொரு தரம் திறந்து திறந்து பார்க்கிறேன். "யோவ், அது என்ன நகையா, பூட்டி வைக்க? வானம் தெரிஞ்சாத்தான்யா சேதி வரும்!" மேஸ்திரி பிடுங்கிப் பாறைமேல் வைக்கிறார். பச்சை விளக்கு சிமிட்டுகிறது; பீப் என்கிறது. "குடு, நான் படிக்கிறேன்." "வேணாம் மேஸ்திரி, நானே பார்க்கிறேன்." கிரீஸ் விரலை வரியின் அடியில் வைத்து எழுத்துக் கூட்டுகிறேன். மனைவி எப்போதும் 'ஏங்க' என்றுதான் தொடங்குவாள். இதில் முதல் சொல் 'அப்பா'. அடுத்த சொல்லுக்கு விரல் நகர மாட்டேனென்கிறது.