மலிவான செயின்

“மறுபடியும் அதே மட்டமான செயினா?” என்று அலுத்துக்கொண்டாள் சைக்கிள் கடை மெக்கானிக். “மலைப்பாதையில ஓட்டற சைக்கிளுக்கு அது மூணு மாசம்கூடத் தாங்காது. போறப்ப பல்சக்கரத்தையும் தின்னுட்டுத்தான் போகும்.”

“எனக்கு அது போதும்மா” என்றபடி ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார் பெரியவர்.

“ரெண்டு மடங்கு விலை குடுத்தா ரெண்டு வருஷம் ஓடும். இந்த ஒரு வருஷத்துல மட்டும் நாலு செயின் வாங்கிட்டீங்க. எது லாபம்?”

“மலிவானதுதான் லாபம்.”

“கணக்கு வாத்தியார் பேசற பேச்சா இது?”

கழற்றிப்போட்ட பழைய செயினையே பார்த்துக்கொண்டிருந்தார் பெரியவர்.

“ரெண்டு வருஷம் ஓடறதை மாட்டிட்டா, அப்புறம் என்ன சாக்கு சொல்லிக்கிட்டு இங்க வருவேன்? ‘கிரீஸ் கையோட என் வீட்டுப் படி ஏறாதே’ன்னு சொன்னவன் நான்தானே?”

அவள் கையிலிருந்த மலிவான செயினை அலமாரியில் திருப்பி வைத்தாள். விலை கூடியதை எடுத்து வந்து, குனிந்து, நிதானமாக மாட்டத் தொடங்கினாள்.

“ஞாயித்துக்கிழமை மத்தியானம் சாப்பிட வரேன்ப்பா” என்றாள், நிமிராமலே. “இதே கையோடதான் வருவேன்.”