வெப்பப்பெட்டி கிளம்புகிறது

மருத்துவக் கருவி நிறுவனத்தின் விற்பனைப் பிரிவில் தொலைபேசி அலறுகிறது. குறைமாதக் குழந்தை ஒன்றுக்கு வெப்பப்பெட்டி வேண்டுமாம், உடனே. வழக்கமாகக் கிடங்குக்கு ஓடும் விற்பனைக்காரர் இன்று ஓடவில்லை. இருந்த இடத்திலேயே விசைப்பலகையைத் தட்டுகிறார். எல்லாப் பிரிவுகளையும் இணைக்கும் புது மென்பொருளை எழுதியவள் மாடிக் கைப்பிடியைப் பற்றியபடி மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். கீழே கிடங்குத் திரையில் பச்சை வெளிச்சம் பூக்கிறது; பரிசோதனைப் பிரிவின் ஒப்புதல் அதன்மேல் வந்து விழுகிறது; வாசலில் வண்டி உறுமத் தொடங்குகிறது. "கம்ப்யூட்டரா வந்து பெட்டிய தூக்கப்போகுது?" என்று நேற்றுவரை நக்கலடித்த கிடங்கு மேலாளர், பெட்டியைத் தானே தள்ளிக்கொண்டு வந்து அவளை அண்ணாந்து பார்க்கிறார். "ஏம்மா, யாரும் யாரையும் திட்டாமலே சரக்கு கிளம்பிருச்சே!" "திட்டணும்னா இனிமே சரக்கு போனப்புறம் திட்டுங்க, சார்." வண்டி வாசலைத் தாண்டுகிறது. அவளுக்குக் கண் நிறைகிறது. தலை மட்டும் தாழவே இல்லை.