துடைத்த கட்டம்

ஷென்சென் சந்தையில் என் கடைக்கு எதிர்க்கடை பெங் காயுடையது. பழைய மெமரி சிப்புகளில் பதிந்திருப்பதைத் துடைத்து விற்பான். அன்று மத்தியானம் ஒருத்தி மெமரி கார்டோடு வந்தாள். கூடவே மகள் ஷியாஷியா. சிறுமியின் ஒரு கையில் மஞ்சள் குடை, மறுகையில் பாகு தோய்த்த பழக்குச்சி.

“இவ அப்பன் படம் ஒண்ணு மட்டும் போகணும் தம்பி. யாரும் திரும்ப எடுக்க முடியாதபடி.”

“சிப்புல படங்க கட்டம் கட்டமாத்தான் பதிஞ்சிருக்கும், ஒண்ணை மட்டும் துடைக்க முடியாதுக்கா. கட்டத்தோடதான் துடைக்கணும். அதே கட்டத்துல இருக்கிற மத்ததை எல்லாம் முதல்ல வேற இடத்துக்கு மாத்திடணும்.”

“அதுல நானும் இருக்கேன் மாமா,” என்றாள் சிறுமி. “முதல்ல என்னை மாத்துங்க.”

“சரிங்க மகாராணி.”

பெங் காயின் நூடுல்ஸ் ஆறிக்கொண்டிருந்தது. எதையும் மாற்றாமலே பொத்தானை அழுத்தினான்.

“டேய், புள்ள படத்தை மாத்துனியா?” என்று கேட்டேன்.

“போனா போகுது. வேற எடுத்துக்குவாங்க.”

அம்மாக்காரி கார்டை வாங்கிப் பைக்குள் வைத்தாள். பிறகு ஆளில்லாத ஸ்டூல் மேல் கிடந்த மஞ்சள் குடையைப் பார்த்தாள். பக்கத்தில் பாதி கடித்த பழக்குச்சியிலிருந்து பாகு இன்னும் சொட்டிக்கொண்டிருந்தது.

“யாரோ குழந்தை விட்டுட்டுப் போயிருக்கு தம்பி. தேடி வந்தா குடுத்துடுங்க.”

தனியாகப் படியிறங்கிப் போய்விட்டாள்.

பெங் காய் நூடுல்ஸை உறிஞ்சிக்கொண்டே குடையை மேசைக்கு அடியில் தள்ளினான். குடை உள்ளே போகவில்லை. அங்கே ஏற்கெனவே கிடந்த குழந்தைகளின் சின்னச் செருப்புகளைக் காலால் ஒதுக்கி இடம் பண்ணினான்.