லட்டாவுக்குக் கிடைத்த லக்சம்பர்க் விசா

பாங்காக் விசா மையத்தில், உறையைக் கிழித்த கையோடு என் தோழி லட்டா கடவுச்சீட்டை விரித்து என் மூக்குக்கு அடியில் நீட்டுகிறாள். லக்சம்பர்க் விசா மின்னுகிறது. அந்த மினுமினுப்புக்குக் கூடத்து விளக்குகளையெல்லாம் அணைத்துவிடலாம். என் கடவுச்சீட்டில் மறுப்புக் கடிதம்தான் செருகியிருக்கிறது. இருவரும் ஒரே பள்ளியில் ஓய்வு பெற்ற வாத்தியாரம்மாக்கள். ஒரே வங்கி, ஒரே காப்பீடு, ஒரே ஓட்டல் அறை. ஈ உட்கார்ந்தால் வரைபடத்தில் மறைந்துபோகிற அந்த நாட்டில் அவளுக்கு இடமிருக்கிறது, எனக்கு இல்லை! குளிரூட்டி உறுமுகிறது, என் வயிற்றெரிச்சலின் சூட்டில் அதுவே தோற்றுக்கொண்டிருக்கிறது. லட்டா புளி மிட்டாய் ஒன்றை உரித்து என் உள்ளங்கையில் வைக்கிறாள்.

"எப்படிடி உனக்கு மட்டும் குடுத்தான்?"

"எல்லாம் பேரு ராசி, ஜியாப் அக்கா! பிக்கு சொன்னாருன்னு போன வருஷம் மாத்தினேனே. இப்ப நான் லட்டா இல்ல, தன்யநபத்சவன். பாரு, விசாவுல ஒரு வரி முழுக்க நான்தான்."

அவள் விரல் அந்தப் பெயரின் மேல் சரக்கு ரயில் மாதிரி ஊர்கிறது. அது கடைசி எழுத்தைத் தொடுவதற்குள் என் வாயில் மிட்டாய் கரைந்தே போகிறது.

"நாளைக்கே உன்னையும் அவருகிட்ட கூட்டிட்டுப் போறேன். நல்ல பேரா வாங்கி மறுபடி விண்ணப்பம் போடு. நீ வராம நான் விமானம் ஏற மாட்டேன்."

எனக்குக் கண் கலங்குகிறது. அவள் கையை இறுகப் பிடித்துக்கொள்கிறேன்.

"வர்றேன்டி. ஆனா உன் பேரை விட ரெண்டு எழுத்தாவது நீளமா இருக்கணும்."