உள்ளறை லைட்

"மாப்ள, எந்த லைட்டை வேணா அணைங்க. உள் ரூம் லைட்டுல மட்டும் கை வைக்காதீங்க" என்றாள் மாமியார்.

அவன் அப்போதுதான் ஓடையிலிருந்து வந்திருந்தான். எழுந்தது, குழாய் வாயில் அடைத்திருந்த இலைகளை வாரி எறிந்தது, ஓடைத் தண்ணீரில் வீட்டுக்கு மின்சாரம் எடுக்கும் சின்ன டர்பைனுக்கு கிரீஸ் வைத்தது, கால் கழுவியது, டீ போட்டது எல்லாம் தினம் போலவே நடந்தன. ருசி தெரியாமல் குடித்தும் ஆயிற்று.

சுவரில் புது மீட்டரை முடுக்கிக்கொண்டிருந்த லைன்மேன் திரும்பினார். "சாருக்கு வேலை ஊருக்கே கரண்ட் அனுப்பற பவர் ஹவுஸ்ல. வீட்டுல மட்டும் ஓடைக் கரண்ட்டா? ஓட்டல்காரரே வீட்டுக்குப் போய் சமைச்சுச் சாப்பிடற கதையால்ல இருக்கு!"

அவன் சிரிக்கப் பார்த்தான். வரவில்லை.

"அது சரி, பட்டப்பகல்ல எதுக்கு இத்தனை குண்டு பல்பு?"

"பவர் ஹவுஸ்ல கரண்ட் தேவை குறைஞ்சா மெஷினே தண்ணியைக் குறைச்சுக்கும். இதுக்கு அந்தப் புத்தி கிடையாது. வர்ற கரண்ட்டை ஏதாவது தின்னே ஆகணும். ஒரு பல்பை அணைச்சா அதோட கரண்ட்டும் மத்ததுல ஏறி எல்லாம் வெடிச்சிடும்."

"இனிமே அந்தத் தொல்லை இல்ல. மிச்சத்தை எங்க லைன் எடுத்துக்கும். எல்லாத்தையும் அணைச்சிட்டு நிம்மதியாத் தூங்குங்க."

"அதான் வேணாங்கறேன்" மாமியார் குறுக்கே வந்தாள். "என் பொண்ணு போய் ஒரு வருஷம் ஆகப் போகுது. அவ படுத்திருந்த ரூம் ஒரு நாள் இருட்டா இருந்திருக்குமா? என் மாப்ள மாதிரி வருமான்னு சொந்தக்காரங்க அத்தனை பேர்கிட்டயும் சொல்லி வச்சிருக்கேன். அந்த வெளிச்சத்தைப் பாக்கத்தானே மாசாமாசம் பஸ் ஏறி வரேன்!"

லைன்மேன் ஸ்குரூ டிரைவரைத் தாழ்த்திக்கொண்டார்.

அந்த லைட் மிச்ச மின்சாரத்துக்கான வடிகால், அவ்வளவுதான். இத்தனை மாதமாக அவன் அதை மாமியாரிடம் சொல்லவில்லை. சொன்னால் மேற்கொண்டு பேச வேண்டியிருக்கும். பேசத் தெம்பில்லை.

"லைன் வந்தாச்சு சார். இதுக்காக எங்க ஆபீசுக்கு எத்தனை நடை நடந்தீங்க! இப்ப என்ன யோசனை?"

அவன் எழுந்தான். கூடத்து பல்பை அணைத்தான். ஒன்றும் வெடிக்கவில்லை. சமையலறையில் அணைத்தான். பிறகு உள்ளறைக்குள் போனான்.

"மாப்ள, வேணாம். உங்களைக் கெஞ்சிக் கேக்கறேன்."

சுவிட்சைத் தட்டினான். ஜன்னல் சாத்திய அறை இருண்டது. கட்டில் கண்ணிலிருந்து மறைந்தது.

மாமியார் நிலைக்கதவைப் பிடித்துக்கொண்டு உடைந்து அழுதாள். "ஒரு வருஷத்துக்குள்ள என் பொண்ணு அலுத்துப் போயிட்டாளா? இப்படி ஒரு கல்நெஞ்சா? இதை அவ பாத்தா என்ன நினைப்பா?"

"கேட்டதே அவதான் அத்தை" என்றான், இருட்டிலிருந்து.

அந்தக் கடைசி ராத்திரி, புறங்கையால் கண்களை மறைத்துக்கொண்டு அவள் சொன்னது அது மட்டும்தான்.

"நாளைக்காவது இந்த லைட்டை அணைங்க. கண்ணு கூசுது."