குருத்தெலும்பு போட்ட கூப்பாடு

ஒரு தாடை மூட்டில் எலும்பு ஒன்று குருத்தெலும்பைப் பல வருடமாகத் தலையில் சுமந்து வந்தது. வாய்க்குச் சொந்தக்காரர் கோபம் வந்தால் பல்லை நறநறவென்று கடிப்பார். அந்த அடியெல்லாம் குருத்தெலும்பின் மேல்தான் விழும்.

ஒரு நாள், எலும்பைக் கரைக்கும் செல் ஒன்று வந்து எலும்பின் தலையைத் தோண்ட ஆரம்பித்தது.

"யாரைக் கேட்டுய்யா கை வைக்கிறே?" என்று எலும்பு கத்தியது.

"மேலே இருக்கிற குருத்தெலும்பம்மாதான் தகவல் அனுப்பினாங்க. தகவல் வந்தா தோண்டுவேன். காரணம் கேக்குற வழக்கமில்லை."

எலும்புக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "தாயே, உன்னைத் தலையில தூக்கி வெச்சதுக்கு இதுதானா? கடிக்கிறது அவர், இடிபடுறது நானா?"

"வலி தாங்காம கத்தினேன். யார் வருவாங்கன்னு கண்டேனா?" என்று குருத்தெலும்பு முனகியது.

"எலும்பைக் கட்டுற செல்லைக் கூப்பிட்டிருக்கலாமே!"

"எனக்குத் தெரிஞ்ச கூப்பாடு இது ஒண்ணுதான்."

அதற்குள் எலும்பின் தலை ஒரு பக்கம் உள்வாங்கியது. பிடிமானம் போன குருத்தெலும்பு, "ஐயோ, சரியுறேனே!" என்று மறுபடியும் அதே கூப்பாட்டைப் போட்டது.

"பேசாம இரு!" என்று எலும்பு அலறியது.

தோண்டிக்கொண்டிருந்த செல் நிமிர்ந்து, "இன்னும் பத்துப் பேர் வர்றாங்க. கொஞ்சம் இடம் விடுங்க," என்றது.