அங்கியின் கைகள்

தொண்ணூற்று நாலில் மகேஸ்வரனுக்கு டொரொன்டோவில் ஒரு மியூசியத்தில் துப்புரவு வேலை. தினமும் காலையில், ஆட்கள் வருமுன், தோளில் துணியைப் போட்டுக்கொண்டு கண்ணாடிப் பெட்டிகளைத் துடைப்பான். பாரசீகக் கூடத்தில் ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள், கையில்லாத மரப்பொம்மை ஒன்றின் தோளில் அந்தக் காலத்துப் பிரபுவின் அங்கி கிடந்தது. அதன் நீண்ட கைகள் வெறுமையாகத் தொங்கும்.

"உதேன் அக்கா உப்பிடித் தொங்குது?" என்று கூட வேலைசெய்யும் புனிதவதியிடம் ஒருநாள் கேட்டான்.

"ராசா முன்னால வந்தால் மட்டுந்தான் அதுக்குள்ள கையை விடுவினமாம். எங்கட ஆம்பிளையள் சாமிக்கு முன்னால சால்வையை எடுத்து இடுப்பில கட்டுறவையெல்லே, அது மாதிரி."

மார்கழியில் ஒரு செவ்வாய்க்கிழமை, பெட்டி பூட்டியபடியே இருந்தது. அங்கியின் கைகள் இரண்டும் நுனிவரை நிறைந்து, நெஞ்சுக்கு முன்னால் மடிந்திருந்தன. பொம்மையின் முகம் மகேஸ்வரனைத் தாண்டி, அவன் முதுகுப்பக்கம் பார்த்தது.

"அக்கா..."

பெட்டிக்கு மறுபக்கம் நின்ற புனிதவதி குனிந்த தலை நிமிரவில்லை.

"திரும்பிப் பாராதை தம்பி."

அவன் திரும்பவில்லை. தோளில் கிடந்த துணியை அவனுடைய கைகள் தாமாகவே எடுத்து, இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தன.